படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம்

ஆபீஸில் அவளை ‘ரெண்டு வரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். படத்துக்கு அடியில் ஓடுகிற எழுத்தை எழுதுவது அவள் வேலை. திரையில் இருப்பவன் எவ்வளவு நீட்டி முழக்கினாலும் அதை இரண்டு வரிக்குள் அடக்க வேண்டும், அவன் வாய் மூடியதும் வரியும் மறைய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். பெயர் வைத்தவர் முதலாளி. அவள் பேச்சும் இரண்டு வரிக்கு மேல் போகாது என்பதால் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

பழைய வெளிநாட்டுப் படங்களுக்கு உரிமை வாங்கி, டிவிடியாகப் போட்டு விற்கிற சின்னக் கம்பெனி அது. ஒரு மாடி, இரண்டு அறை, முதலாளியோடு சேர்த்து நான்கு பேர். இந்தக் காலத்தில் டிவிடியை யாரய்யா வாங்குகிறார்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. வாங்குகிற சிலர் இன்னும் இருக்கிறார்கள். அலமாரியில் அடுக்கி, வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டி, எப்போதாவது போட்டுப் பார்க்கவும் செய்கிறவர்கள். அவர்களுக்காகத்தான் ஒவ்வொரு டிவிடியிலும் படத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒரு பெரிய மனிதர் தோன்றி, இதை ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லுவார். அந்தப் பெரிய மனிதர் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுப்பதும் ரெண்டு வரிதான். அதில் அவள் பெயர் வராது. வர வேண்டும் என்று அவள் கேட்டதும் இல்லை.

ஒரு வரி எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதற்கு மற்றவர்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அவள் அம்மாவை வைத்திருந்தாள். அம்மாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. படித்தது ஐந்தாவது வரை. உதட்டை அசைத்து, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் சாதாரண டிவியில் போட்டுப் பார்க்க ஒரு செக் காப்பி எடுப்பார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுவாள். எந்த வரியில் அம்மாவின் உதடு பின்தங்குகிறதோ அந்த வரியை மறுநாள் சுருக்குவாள். ‘உங்கள் டிவிடியில் மட்டும்தான் எழுத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதில்லை’ என்று யாரோ எழுதிய கடிதத்தை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அந்தப் பெருமைக்குக் காரணம் தகரக் கம்பெனியில் காதைத் தொலைத்த ஒருத்தி என்று அவருக்குத் தெரியாது.

காது தொலைந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அம்மா முன்பு வீட்டு வேலை செய்தவள். ஒரு பேராசிரியர் வீடு. அவருடைய கல்லூரியில் பியூனாக இருந்த அம்மாவின் அண்ணன்தான் ஐயாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். ஆறு வருஷம் ஒரு குறை இல்லாமல் ஓடியது. ஒரு நாள் ஐயாவின் தங்க மூடி போட்ட பேனாவைக் காணோம். அன்று அந்த அறையைப் பெருக்கியவள் அம்மா. பத்து நிமிடத்தில் விசாரணை முடிந்துவிட்டது. கையெழுத்துப் போடவே நாலு தரம் மூச்சு வாங்குகிறவள் பேனாவை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சும்மாவா சொன்னார்கள்? அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. புருஷன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டான். பன்னிரண்டு வயதில் ஒரு பெண் வீட்டில் இருக்கிறாள். பெயிண்ட் டப்பா செய்கிற தகரக் கம்பெனியில்தான் கேள்வி கேட்காமல் வேலைக்கு எடுத்தார்கள். தகரத்தை வெட்டுகிற மெஷின் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றாள். மகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தாள். அம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டே வந்தது.

காது போனதற்கு அவள் அழுததில்லை. அண்ணன் போனதற்குத்தான் அழுவாள். “என் வாக்கை நம்பி உன்னைச் சேர்த்தாரு. என் மூஞ்சில கரியைப் பூசிட்டியே” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போன மனிதர் பதினேழு வருஷமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. இத்தனைக்கும் வீடு நாலு தெரு தள்ளித்தான். எதிரில் பார்த்தால் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

இந்தத் தடவை வந்தது ஒரு பிரிட்டிஷ் படம். கறுப்பு வெள்ளை. பெரிய வீட்டில் கண் தெரியாத ஒரு எஜமானி. தூர தேசத்தில் இருக்கும் மகன் எழுதுகிற கடிதங்களைப் படித்துக் காட்ட ஓர் ஏழைப் பெண்ணை வேலைக்கு வைக்கிறாள். அவள் வேலைக்காரி இல்லை என்பதால் சமையல்கட்டில் சாப்பிடக் கூடாது. வீட்டு மனுஷி இல்லை என்பதால் மேஜையிலும் இடம் கிடையாது. தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். கடிதங்களில் குத்தலும் ஏச்சும்தான் இருக்கும். எஜமானியின் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, இல்லாத பாசத்தை எல்லாம் இட்டுக்கட்டிப் படிப்பாள் அந்தப் பெண். போகப் போகப் பரிதாபம் அதிகாரமாக மாறும். கடைசிக் காட்சியில் மேஜையில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். எஜமானி தட்டோடு மாடிப்படித் திருப்பத்தில் இருப்பாள்.

“வர்க்கம் பத்தின படம். முன்னுரைக்குச் சரியான ஆள் வேணும்” என்றார் முதலாளி. அவர் சொன்ன பெயர் ரெண்டு வரிக்குத் தெரிந்த பெயர். அந்தப் பேராசிரியரேதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஏழைகளைப் பற்றி மட்டும் இரண்டு புத்தகம் எழுதியிருக்கிறாராம். இதை எல்லாம் எங்கே போய்ச் சொல்வது?

அவள் வழக்கம்போல ஐந்து நிமிடப் பேச்சை எழுதினாள், அவரிடம் அனுப்பினார்கள், ‘பேஷ்’ என்று பதில் வந்தது. பிரிட்டிஷ் படத்துக்கு இங்கிலீஷில் பேசுவதுதான் பொருத்தம் என்று அவர் சொல்லிவிட்டதால், முன்னுரைக்கும் அடியில் நம் மொழியில் எழுத்துப் போட வேண்டும் என்று ஆயிற்று.

படம் பிடிக்க அவர் வீட்டுக்கே போனார்கள். கேட்டைத் தாண்டியதும் அவள் கால் தானாக வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குத் திரும்பியது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவுக்காகக் காத்திருந்த பின்வாசலுக்குப் போகிற வழி அது.

“எங்க போறே? வாசல் இங்க இருக்கு” என்றார் முதலாளி.

கூடத்தில் அதே சோபா. துணி மட்டும் வேறு. பேராசிரியருக்குத் தாடி நரைத்து நெஞ்சுவரை வந்திருந்தது. வாய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும். அவளைப் பார்த்துச் சிரித்தார். அடையாளம் எப்படித் தெரியும்? பின்வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தை அந்த வீட்டில் யார் பார்த்தார்கள்?

“உள்ள போய்த் தண்ணி வாங்கிட்டு வாம்மா, தொண்டை கட்டுது” என்றார். அவளும் போய் வாங்கி வந்தாள். சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று அவள் கேட்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

பாதிவரை அவள் எழுதிக் கொடுத்ததையே அழகாகப் பேசினார். மாடிப்படித் திருப்பத்தைப் பற்றிய இடம் வந்ததும் தாளை மடித்து வைத்தார். கேமராவை நேராகப் பார்த்தார். அதற்குப் பிறகு பேசியது அவருடைய சொந்தச் சரக்கு.

தன் வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் இருந்ததாகச் சொன்னார். பேனா காணாமல் போனதைச் சொன்னார். பத்து நிமிடத்தில் அவளை வெளியே அனுப்பியதைச் சொன்னார். மூன்று வருஷம் கழித்து, சோபாவுக்குத் துணி மாற்றக் கொடுத்தபோது, வேலை செய்தவர் உள்துணிக்குள்ளிருந்து அந்தப் பேனாவை எடுத்துக் கொடுத்தாராம். “அவள் எடுக்கவில்லை. அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. சொல்லி அனுப்ப நினைத்தோம். சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று சும்மா இருந்துவிட்டோம். இந்தப் படம் அப்படிச் சும்மா இருந்துவிட்டவர்களைப் பற்றியது.” குரலைத் தாழ்த்தி, கடைசி வார்த்தைக்குப் பிறகு சரியான அளவு இடைவெளி விட்டு முடித்தார்.

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சார், இது போதும் சார். இது ஒண்ணே போதும்” என்றார்.

“நல்லா வந்திருக்கா?” என்று கேட்டார் பேராசிரியர். கேள்வி கேமராக்காரருக்கு.

ரெண்டு வரி சுவரோடு சுவராக நின்றாள். அந்தத் தாடியைப் பிடித்து உலுக்கி, ‘அவ இருக்கா, நாலு தெரு தள்ளி அண்ணன் முகத்தைப் பார்க்க முடியாம இருக்கா’ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. அது பயத்தால் மட்டும் இல்லை. இப்போது வாயைத் திறந்தால் மனிதர் சுதாரித்துக்கொள்வார். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வார். முதலில் அது டிவிடியில் ஏறட்டும். அச்சாகி, உறை போட்டு, கடைக்கு வரட்டும். பதினேழு வருஷம் பொறுத்தவர்களுக்கு ஆறு வாரமா பெரிது? தாள்களை அடுக்கிப் பையில் வைத்தாள்.

அந்தப் பேச்சுக்கு எழுத்துப் போட்ட நாள் போல அவள் என்றும் வேலை செய்ததில்லை. பேனா கதைக்கு மட்டும் பதினோரு துண்டு எழுத்து. பேராசிரியர் இங்கிலீஷில் மளமளவென்று போய்விடுவார். சட்டப்படி எழுத்தும் அவரோடு போயாக வேண்டும். அவள் போக விடவில்லை. ‘அவள் எடுக்கவில்லை’ என்ற வரியை, அவர் அடுத்த பேச்சுக்குப் போன பிறகும் பிடித்து நிறுத்தினாள். அதற்கடுத்த வரியையும் அப்படியே. அவர் குரலைத் தாழ்த்தி விட்ட இடைவெளிகள் எல்லாம் அவளுக்கு வசதியாகப் போயின. முதலாளி பார்த்துவிட்டு, “இந்த இடத்துல மட்டும் வரி ரொம்ப நேரம் நிக்குதே?” என்றார். “முக்கியமான இடம் சார்” என்றாள்.

செக் காப்பியை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அம்மாவும் அவளும் பேசிக்கொள்வதற்கு ஒரு நோட்டு உண்டு. மகள் எழுதுவாள், அம்மா படித்துவிட்டு வாயால் பதில் சொல்லுவாள். அன்று நோட்டில் முன்கூட்டி ஒன்றும் எழுதவில்லை. டிவியைப் போட்டுவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேராசிரியரின் முகம் வந்ததும் அம்மா எழுந்துவிட்டாள். “இவரா? நிறுத்து” என்றாள். மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அம்மா படித்தாள். உதடு அசைந்தது. ‘அவள்’ என்றது. ‘எடுக்க’ என்றது. ‘வில்லை’ என்றது. வரி காத்திருந்தது.

“திருப்பிப் போடு” என்றாள் அம்மா. ஏழு தடவை திருப்பிப் போடச் சொன்னாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தாள். யாரோ வீட்டுக்கு வரப்போகிற மாதிரி.

“சோபாவுல பாருங்கன்னு அன்னிக்கே சொன்னேன்டி. கால்ல விழுந்து சொன்னேன். யாராவது கையை விட்டுப் பார்த்தாங்களா?” என்றாள். காது கேட்காதவளாதலால் குரல் எப்போதும் உயர்ந்தே இருக்கும். அன்று பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அப்புறம் சொன்னாள்: “உன் மாமாவுக்குக் காட்டணும்.”

‘நாளைக்கே கூப்பிடவா?’ என்று மகள் நோட்டில் எழுதினாள்.

“வேணாம். ஆபீஸ்லேருந்து நீ கொண்டு வந்ததுன்னா, உன் பொண்ணு எழுதினதுதானேன்னு சொல்லிடுவாரு. உறை போட்டு, ஊரே வாங்கற மாதிரி கடைக்கு வரட்டும். அப்ப கூப்பிடறேன்.”

அன்றைக்கே முழுப் படத்தையும் பார்த்தாள். கடிதம் படிக்கிற பெண்ணைப் பார்த்து, “பாவம், நல்லதுக்குத்தான் பொய் படிக்கறா” என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அம்மா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மகள் பார்த்தாள். செக் காப்பியை மறுநாள் ஆபீஸில் திருப்பிக் கொடுத்தாள். வெளியே போய்விடக் கூடாது என்று அதை இரண்டாக உடைத்துப் போடுவது அங்கே வழக்கம். அவள் கையாலேயே உடைத்தாள். அப்போது அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அதற்கு நான்காம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

“பேராசிரியர் பேசினார். அந்தப் பேனா கதை வேணாமாம். வீட்ல சண்டையாம். அந்தப் பொம்பளை எங்கேயாவது உயிரோட இருந்து கேஸ் போட்டுட்டா என்ன பண்றதுங்கறாங்களாம். அவர் பேசின ஒரிஜினலைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டார், நான் அனுப்பிட்டேன். நீ அந்த இடத்தை வெட்டிட்டு, மேல படத்துலேருந்து ஒரு ஸ்டில்லைப் போட்டு ஒட்டிடு. அஞ்சு மணிக்கு அச்சுக்குப் போகணும்.”

“சார், அதுதான் சார் நல்ல இடம். நீங்களே சொன்னீங்க.”

“சொன்னேன். என்ன பண்றது? அவர் முகம், அவர் வாய். வேணாம்னா வேணாம்தான்.”

அவள் நகரவில்லை. “சார், அந்தப் பொம்பளை உயிரோடதான் இருக்காங்க. எங்கம்மா சார்.”

முதலாளி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியில் சாய்ந்தார், கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று அவள் நினைத்தாள்.

“அப்படின்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும்மா” என்றார். “நீ இங்க வேலை பாக்கறது தெரிஞ்சா, நாம திட்டம் போட்டு அவரைப் பேச வெச்சோம்னு சொல்லுவார். கம்பெனியே போயிடும். உன்னால முடியலைன்னா சொல்லு, வேற ஆளை வெச்சு வெட்டிக்கறேன். உன் மனசு எனக்குப் புரியாம இல்ல.”

புரிந்ததாம். புரிந்து என்ன ஆக வேண்டும்? ‘நானே செய்யறேன் சார்’ என்று சொல்லிவிட்டு வந்தாள். வேறு ஒருவன் கை அதில் படுவதை அவளால் தாங்க முடியாது என்று தோன்றியது.

ஆபீஸில் மிச்சம் இருந்த ஒரே காப்பியில் படத்தை வெட்டினாள். தாடி பாதியில் நின்றது. அந்த இடத்தில் மாடிப்படித் திருப்பத்தில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் படத்தை வைத்து மூடினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் தொழில் தெரிந்த கை என்பதால் மறைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது எழுத்து. படம் வேறு, எழுத்து வேறு. இரண்டும் தனித்தனியாக இருந்து அச்சில்தான் ஒன்று சேரும். படத்தை வெட்டியவர்கள் எழுத்தை வெட்ட மறந்துவிட்டால், பேச்சே இல்லாத இடத்தில் வரிகள் தாமாக வந்து நின்றுகொண்டிருக்கும். இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு அது. இன்றைக்கு அவள் அந்தத் தப்பைச் செய்தால்? பேராசிரியரின் பேச்சு நின்ற பிறகு, இருட்டான மாடிப்படியின் மேல் ‘அவள் எடுக்கவில்லை’ என்று எழுத்து வரும். டிவிடி விற்ற வீடுகளில் எல்லாம் வரும். மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினோரு துண்டும் திரையில் வரிசையாக நின்றன. நாலரை மணிவரை அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை போய்விடும். போனால் இந்தத் தொழிலில் வேறு இடம் இந்த ஊரில் கிடையாது. அம்மாவின் மருந்து, வீட்டு வாடகை, எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. இவை மட்டும் என்றால் மன்னித்துவிடலாம். இன்னொன்றும் இருந்தது, அதை நினைத்துத்தான் பிறகு அவள் வெட்கப்பட்டாள். பேச்சு இல்லாத இடத்தில் எழுத்து நிற்பது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது. ஆறு வருஷமாக ஒரு வரியைக்கூட அப்படித் தவற விட்டதில்லை என்ற பெருமை குறுக்கே வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியாக அழித்தது ‘அவள் எடுக்கவில்லை’. ஐந்து மணிக்கு எல்லாம் அச்சுக்குப் போயிற்று.

அம்மாவிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்குப் போனபோது அம்மா அண்ணனுக்குப் பிடித்த பலகாரத்தை நினைவுபடுத்திக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் அம்மா பழைய நாற்காலியின் ஆடுகிற காலை ஆணி அடித்துச் சரி செய்திருந்தாள், அண்ணன் உட்காருவதற்கு. அதற்கு மறுநாள் வேறு ஏதோ. நாளை நாளை என்று ஐந்து வாரம் ஓடியது. டிவிடி பெரிய கடைகளில்தான் கிடைக்கும், அம்மா அவ்வளவு தூரம் தனியாகப் போக மாட்டாள், அதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள்.

அம்மா போனாள். காது கேட்காதவள், இரண்டு பஸ் மாறி, படத்தின் பெயரை நோட்டுத் தாளில் எழுதிக் கடைக்காரரிடம் நீட்டி வாங்கி வந்துவிட்டாள். மகளுக்குச் சொல்லவில்லை, ஆச்சரியப்படட்டும் என்று விட்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மதியம் வீட்டுக்கு வந்தவள் வாசலில் பெரிய ஆண் செருப்பைப் பார்த்தாள். தன் செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடினாள்.

மாமா அந்த ஆணி அடித்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தரையில் அம்மா, கையில் ரிமோட். நல்ல புடவை கட்டியிருந்தாள். “வந்துட்டியா? இப்பத்தான் போடறேன். உக்காரு” என்றாள். மகள் வாயைத் திறப்பதற்குள் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

பேராசிரியர் வந்தார். அவரைப் பார்த்ததும் மாமா தன்னை அறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, சட்டையைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார். “ஐயா அப்படியே இருக்காரு” என்றார். குரலில் அப்படி ஒரு பக்தி.

அம்மா டிவியைப் பார்க்கவில்லை. அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் மாறப்போகிற நொடிக்காகப் பதினேழு வருஷம் காத்திருந்தவள். முகம் மாறவில்லை. அவள் திரும்பினாள். மாடிப்படிப் பெண்ணின் படம் வந்து போயிற்று; பேராசிரியர் கைகூப்பினார்; படம் ஆரம்பித்துவிட்டது.

“தப்பா அமுக்கிட்டேன் போல” என்று அம்மா திருப்பிப் போட்டாள். மறுபடியும் அதே. மூன்றாம் தடவை டிவிக்குப் பக்கத்திலேயே போய், கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தாள். “அந்த எழுத்து வரலியே” என்றாள்.

மகள் மாமாவிடம் சொன்னாள்: “மாமா, அவர் சொன்னாரு. பேனா சோபாவுக்குள்ளதான் இருந்துச்சு, அம்மா எடுக்கலைன்னு அவரே சொன்னாரு. அப்புறம் பயந்துபோய் வெட்டச் சொல்லிட்டாங்க. நான்தான் வெட்டினேன்.”

மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஐயா சொல்றதுன்னா என்கிட்ட சொல்லியிருப்பாரு. அதுக்கப்புறமும் எட்டு வருஷம் அவர்கிட்ட வேலை பார்த்தவன் நான்” என்றார். எழுந்தார். “சாவோ கல்யாணமோன்னு நெனச்சு வந்தேன். இந்தக் கூத்துக்கா கூப்பிட்டு அனுப்பினீங்க?” செருப்பைப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு அது கேட்கவில்லை. காலியான நாற்காலியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மகள் நோட்டை எடுத்தாள். எழுதினாள்: ‘அவர் சொன்னது நிஜம். வெட்டச் சொல்லிவிட்டார்கள். நான் வெட்டிவிட்டேன். என்னை மன்னித்துவிடு.’

அம்மா உதட்டை அசைத்துப் படித்தாள். நிதானமாக, கடைசி எழுத்துவரை படித்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று மகள் காத்திருந்தாள்; கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா நோட்டை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“எனக்காகத்தானே எழுதினே” என்றாள்.

மகளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “இல்லம்மா! அவர் சொன்னாரும்மா! அவர் வாயாலயே சொன்னாரும்மா!” என்று கத்தினாள். ரெண்டு வரி கத்தி அந்த வீடு கேட்டதே இல்லை. நோட்டை இழுத்தாள். அம்மா கையை எடுக்கவில்லை.

“அந்தப் படத்துல அந்தப் பொண்ணு படிக்கறாளே, அது மாதிரி. நான் சந்தோஷமா இருக்கட்டும்னு செஞ்சே. அதுல என்ன தப்பு? அஞ்சு வாரம் சந்தோஷமாத்தான் இருந்தேன்.” மகளின் தலையைத் தடவிக் கொடுத்தாள். “அன்னிக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். பெரிய மனுஷங்க பேச்சு எனக்காக நிக்குமா? அந்த எழுத்து மட்டும், ஒவ்வொரு வரியும், நான் படிச்சு முடிக்கற வரைக்கும் நின்னுச்சேடி.”